என் கையால் பதினான்கு வாய்

என் மகள் ஐந்து வயதில் என் கையால் விழுங்கிய கீரை மொத்தம் பதினான்கு வாய். இதை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தேன். தேதி, கீரையின் பெயர், ஊட்டியது, விழுங்கியது, துப்பியது என்று ஐந்து பத்தி. நாளுக்கு எட்டு வாய் வீதம் இருபத்தாறு நாளில் ஊட்டியது இருநூற்றெட்டு. விழுங்கியது பதினான்கு. மீதி நூற்றுத் தொண்ணூற்று நான்கும் தரையிலும் என் வேட்டியிலும் போயிற்று.

இதே குழந்தை இண்டூரில் தன் தாய்மாமன் வீட்டில் ஒரே வேளையில் ஒரு கிண்ணம் கீரைக் கடைசலைத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டது. அந்தக் கிண்ணத்தில் எத்தனை வாய் இருந்தது என்று எண்ணுவதற்கு நான் அங்கே இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அறுபதுகளின் கடைசி அது. தருமபுரியில் ஒரு தானியக் கிடங்கில் எனக்கு மூட்டை எண்ணும் குமாஸ்தா வேலை. வரும் மூட்டை, போகும் மூட்டை, எலி கடித்த மூட்டை, நனைந்த மூட்டை. நாளெல்லாம் எண்ணிவிட்டு வந்தால் வீட்டிலும் எண்ணத்தான் வரும். ஆறு வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு வளவில் நான்காவது வீடு எங்களுடையது. நடுவில் பொதுவான முற்றம். முற்றத்தில் துணி துவைக்கும் கல் ஒன்று. அந்தக் கல்லைப் பிறகு சொல்கிறேன்.

ஆவணி மாதம் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் என் மனைவி தட்டில் முறுக்கு வைத்து மகளிடம் நீட்டினாள். மகள் கையை நீட்டித் தட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தடவினாள். விளையாடுகிறாள் என்று நாங்கள் சிரித்தோம். இரண்டு நாள் கழித்து வாசற்படி இருப்பது தெரியாமல் காலை வைத்தாள். மூன்றாம் நாள் அம்மா என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பகலில் எறும்பு ஊர்வதைக்கூடக் காட்டுவாள். பொழுது சாய்ந்தால் கை தடவும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணைக் கீழிமை இழுத்துப் பார்த்தார்.

"மாலைக்கண். இப்ப ஆரம்பம்தான். வுட்டா வெள்ள விழி காஞ்சு போயி, அப்பறம் பகல்லயும் தெரியாது. மீனெண்ணெய் எழுதித் தரேன். அது பாதி, கீரை பாதி. தினமும் கீரை. புரியுதா? ரெண்டு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"எவ்வளவு சார்?" என்று கேட்டேன்.

"ஒரு கை நெறைய."

"எத்தனை கிராம் சார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். "நீங்களே குடுங்கம்மா" என்றார் அவளிடம்.

அந்தச் சொல்லே என்னைக் கிளப்பிவிட்டது. நானே கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மீனெண்ணெய் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. மூன்று நாளில் அந்தப் புட்டியைக் கண்டாலே அவள் ஓடி ஒளிய ஆரம்பித்தாள். ஆக, இருந்தது கீரை மட்டும். காலையில் கூடைக்காரி வந்தால் முதல் கட்டு எனக்கு. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, முருங்கைக்கீரை. பொரியல், கூட்டு, பருப்புக் கடைசல் என்று என் மனைவி மாற்றி மாற்றிச் செய்தாள். நான் சோற்றில் பிசைந்து, எட்டு உருண்டையாகப் பிடித்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பேன். மகளை எதிரில் உட்கார வைப்பேன். நோட்டும் பென்சிலும் என் இடது பக்கத்தில் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில், ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்று படித்திருந்தேன். பல் முப்பத்திரண்டு இருப்பதால் அந்தக் கணக்கு. அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அவள் வாயில் ஒரு உருண்டையை வைத்துவிட்டு நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்துக்குள் பருப்பும் சோறும் கரைந்து உள்ளே போய்விடும். வாயில் கீரைச் சக்கை மட்டும் மிஞ்சும். பதினைந்தாவது எண்ணிக்கையில் அவள் கண்ணில் தண்ணீர் வரும். இருபதைத் தாண்டுவதற்குள் துப்புவாள்.

"ஏங்க, அவளுக்கு இருக்கறதே இருவது பல்லுதாங்க" என்றாள் என் மனைவி.

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகப் பட்டது. மறுநாள் முதல் இருபதாகக் குறைத்தேன். துப்புவது குறையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தகரத்தில் விளக்கும் புனலும் செய்து விற்கும் முஸ்லிம் பெரியவர். அவருடைய மனைவி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டே எங்கள் வீட்டுக் கூத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் சொன்னார்: "ஏண்ணே, புள்ளைக்குக் கீரை ஊட்டறீங்களா, வாய்ப்பாடு சொல்லித் தரீங்களா? எனக்கே இருவது வரைக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு."

இப்படி இருபத்தாறு நாள். புரட்டாசி பிறந்தது. இண்டூரில் என் மனைவியின் உறவில் ஒரு காதுகுத்து. கிடங்கில் இருப்புக் கணக்கெடுப்பு இருந்ததால் நான் போக முடியவில்லை. மனைவியும் மகளும் மூன்று நாள் போய் அவளுடைய தம்பி வீட்டில் தங்கினார்கள். நான்காம் நாள் தம்பியே கொண்டுவந்து விட்டார்.

என் மைத்துனரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னைவிட ஏழு வயது இளையவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கிணற்றோடு மூன்று ஏக்கரும் மழையை நம்பி இரண்டு ஏக்கரும் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா அம்மா முன்பே போய்விட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்தான். உரக்கச் சிரிப்பார். அவர் வந்தால் என் மனைவியும் உரக்கச் சிரிப்பாள். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

அன்று அவர் தோளில் மகள். கையில் ஈரத்துணியில் சுற்றிய கீரைக்கட்டு. முற்றத்திலிருந்தே சத்தம் போட்டார்.

"மாமா! நோட்ட எடுங்க. எழுதிக்கங்க. மூணு நாளு, ஆறு வேள, ஆறு கிண்ணி!"

அவர் என்னை மாமா என்பார். என் மகள் அவரை மாமா என்பாள். வீட்டில் யார் மாமா என்று கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். மகள் கூப்பிடும்போதெல்லாம் அது எனக்கில்லை.

"என்ன கிண்ணம்?" என்றேன்.

"கீரதாங்க" என்றாள் என் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு. "என் கண்ணால பாத்தேன். வழிச்சு நக்கறாளுங்க. போதும் கண்ணுன்னாக்கூட வுடல."

"அத்தை கீர. நல்லா இருந்துச்சு" என்றாள் மகள், அவர் தோளில் இருந்தபடியே.

நான் நம்பவில்லை. அல்லது, நம்பினேன், அதனால்தான் நம்பவில்லை என்றேன். "காதுகுத்து வீட்டில் கறி போட்டிருப்பார்கள், அந்தக் குழம்பைச் சொல்கிறீர்கள்" என்றேன்.

"இருங்க மாமா, அதே கீரயத்தான் கொண்டாந்திருக்கறேன். பண்ணக்கீர. ராகிக் கொல்லயில களயெடுக்கறப்ப பறிச்சது. அக்கா ஆக்கட்டும். பாத்துக்கங்க."

என் மனைவி அதே கீரையை அதே மாதிரி பச்சைமிளகாய், பூண்டு போட்டு வேகவைத்து மத்தால் கடைந்தாள். நான் சோற்றில் பிசைந்தேன். எட்டு உருண்டை. முதல் உருண்டையை வாயில் வைத்தேன். எண்ணினேன். பதினெட்டில் துப்பினாள்.

மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சிரிக்கவில்லை. கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்.

"மாமா, பாப்பாவ எங்கூட அனுப்பி வுடுங்க. ராகி அறுப்பு முடியற வரைக்கும் இருக்கட்டும். ஒண்ணாங்கிளாசுதானே. அங்கயும் பள்ளிக்கூடம் இருக்குது. கண்ணு சரியாவட்டும், கொண்டாந்து வுட்டுடறேன்."

"என் பிள்ளைக்குச் சோறு போட எனக்குத் தெரியும்."

"சோறு போடறீங்க மாமா. யாரு இல்லன்னா?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ஆனால் அந்தச் "சோறு" என்ற சொல்லில் ஏதோ இருந்தது என்று எனக்கு அன்றைக்கெல்லாம் உறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே மகளைக் கூட்டிக்கொண்டு இண்டூருக்குப் போனேன். சீராட அல்ல, கையும் களவுமாகப் பிடிப்பதற்கு. வெல்லம் கலக்கிறார்களா, கருவாடு போடுகிறார்களா, என்ன மாயம் என்று பார்த்துவிடுவது என்று போனேன். பஸ்ஸில் பதினோரு இடத்தில் நிறுத்தினார்கள். இறங்கியதும் மகள் என் விரலை விட்டுவிட்டு ஓடினாள். பகல் வெளிச்சம், கண் நன்றாகத் தெரிகிற நேரம். திரும்பிப் பார்க்கவில்லை.

மைத்துனரின் மனைவி கொல்லையிலிருந்து வந்தார். முந்தானையை மடித்துச் செருகியிருந்த மடி நிறையக் கீரை. ராகிக்குள் களை கொத்தும் பெண்கள் களையை வெளியே எறிவார்கள், கீரையை மடியில் போட்டுக்கொள்வார்கள். அன்றன்றைய குழம்பு அதுதான். என் மகளும் தன் பாவாடையை மடித்துக்கொண்டு, அதில் நான்கைந்து கீரையும் ஒரு கல்லும் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தாள்.

மத்தியானம் நான் சமையல் கட்டுக்கு எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். வெல்லம் இல்லை. கருவாடு இல்லை. மூன்று மிளகாய், ஆறு பல் பூண்டு, உப்பு. என் மனைவி போட்டதேதான். கீரையைக் கடைந்து இறக்கிவிட்டு, அடுப்பில் உலையை ஏற்றி, ராகிமாவைக் கொட்டிக் களி கிண்டினார். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினார். ஈரக்கையால் உருட்டித் தட்டுக்கு ஒன்றாக வைத்தார். எனக்கு மட்டும் தனியாகச் சோறு. மாப்பிள்ளை களி சாப்பிடமாட்டார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மகள் தன் மாமனின் முழங்காலில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. மாட்டு வியாபாரம் ஒன்றைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். மகள் களியில் சிறிது கிள்ளினாள். கட்டைவிரலால் அதில் ஒரு குழி செய்தாள். குழியில் கடைசலை அள்ளினாள். வாயில் போட்டாள். ஒரே விழுங்கு.

மெல்லவே இல்லை.

களியை யாரும் மெல்வதில்லை. அது எனக்குத் தெரியாததா? நானும் கம்பைநல்லூர் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டில் களி தின்று வளர்ந்தவன்தான். களி மெல்லுவதற்கானதல்ல, குழம்பில் தோய்த்து வழுக்கி உள்ளே இறக்குவது. அதோடு கீரையும் சக்கை என்று ஒன்று தெரியாமலேயே வழுக்கிக்கொண்டு போயிற்று. இருபது எண்ணுவதற்குள் என் மகள் நான்கு வாய் விழுங்கினாள். நான் எண்ணினேன். கை தானாக எண்ணியது. பத்தொன்பது வாய் சாப்பிட்டாள். என் இருபத்தாறு நாளை அவள் ஒரு கால்மணி நேரத்தில் தாண்டிவிட்டாள்.

"அத்தை, இன்னுங் கொஞ்சம்" என்றாள்.

"எங்க பாப்பாவுக்கு வயிறா, வண்ணான் தாழியா?" என்று மைத்துனர் அவள் வயிற்றில் தட்டினார். அவள் அவர் தோளில் வாயைத் துடைத்தாள். அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்க பாப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தகப்பன் அந்த இடத்தில் மகிழ்ந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டது, குழந்தைக்குக் கண் வந்துவிடும். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அந்த முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் எதிரில் உட்கார்ந்து அழுகிற பிள்ளை, இங்கே ஒரு முழங்காலில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறது. என் எட்டு உருண்டைக்கும் நான் பட்ட பாட்டுக்கும் என்ன மதிப்பு?

"நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம்" என்றேன்.

"என்ன மாமா இது? வுட்டுட்டுப் போவீங்கன்னுதானே நெனச்சோம். போன தடவ இங்க வுட்டுட்டுப் போன துணியக்கூட எடுத்து வச்சிருக்கறாளே பாப்பா."

"பள்ளிக்கூடம் இருக்கிறது."

மகள் பஸ் ஏறும்வரை அழுதாள். பதினோரு நிறுத்தத்தில் ஆறாவதில் தூங்கிப்போனாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் களி என்று மட்டும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியுங்க. காதுகுத்துக்குப் போனப்பவே பாத்தேன். நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு சொல்லல. ஒரு படி ராகி போதுங்க. நான் கிண்டித் தரேன்."

"இந்த வீட்டில் களி கிடையாது."

அதற்கு ஒரு கதை உண்டு. தருமபுரியில் நான் உயர்நிலைப்பள்ளியில் படித்தபோது மதியம் தூக்குப் போசியில் களி கொண்டுபோவேன். சோறு கொண்டுவந்த பையன்கள் ஒரு பக்கமாக உட்கார்வார்கள். என் போசியைத் திறந்தால் ஒருவன் மூக்கைப் பிடிப்பான். ஐந்து வருடம் மரத்துக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு தின்றேன். வேலை கிடைத்த அன்று, இனி என் வீட்டில் சோறுதான், களி இல்லை என்று சொன்னேன். ஒன்பது வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருந்தேன். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒரு வீடு முன்னேறியது என்பதற்கு அடையாளம் அதுதான். உத்தியோகக்காரன் வீட்டில் களித் துடுப்பு இருந்தால் ஊரில் சிரிப்பார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று என்னைத் தடுத்தது போசி அல்ல. களி கிண்டினால் ஜெயித்தது மைத்துனர் என்று ஆகிவிடும். அதுதான்.

"கண்ணுங்க அது" என்றாள் என் மனைவி. "உங்க ரோசத்துக்கு அவ கண்ணா கெடச்சுது?"

"நாளையிலிருந்து மெல்ல வேண்டாம் என்று சொல்கிறேன். சோற்றிலேயே விழுங்கட்டும்."

சோறு வழுக்குவதில்லை. மெல்லாமல் விழுங்கச் சொன்னதும் புரையேறியது. முதல் நாள் இருமி எல்லாவற்றையும் வெளியே கொட்டினாள். அதன்பின் என் தட்டைப் பார்த்தாலே வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நோட்டில் விழுங்கிய பத்தியில் சைபர், சைபர் என்று போட்டுக்கொண்டே போனேன். பத்து நாள்.

பதினோராம் நாள் கிடங்கிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. ஐப்பசி மாதம், சீக்கிரமே இருட்டிக்கொண்டு வரும். வளவின் வாசலில் சைக்கிளை நிறுத்தி வழக்கம்போல இரண்டு தடவை மணி அடித்தேன். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து மகள் "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் எழுதமுடியவில்லை. நான் அவளைப் பத்து நாளாக அழவைத்திருக்கிறேன். அவள் என் மணிச் சத்தத்துக்கு ஓடிவருகிறாள். முகம் என் பக்கம் இல்லை. சத்தம் வந்த திசையைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறாள். நடுவில் துவைக்கும் கல். "நில்லு" என்று நான் கத்துவதற்குள் முட்டி மோதி, நெற்றி கல்லின் விளிம்பில் பட்டது.

தகரக்காரர் மனைவிதான் முதலில் ஓடிவந்து தூக்கினார். ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மேல் மூன்று தையல். கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே. அதே டாக்டர். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"கீரை குடுக்கறீங்களா?"

நான் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அவர் இரண்டு பக்கம் புரட்டினார். கடைசிப் பக்கத்துச் சைபர்களைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். வெள்ளை விழியில் வறட்சி தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று மட்டும் என் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானே மகளை இண்டூருக்குக் கொண்டுபோனேன். மைத்துனர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நெற்றிக் கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வா கண்ணு" என்றார். "அத்தை கொல்லயில இருக்கறா. போ, ஒனக்குன்னு தனியா ஒரு சாலு கீர பறிக்காம வுட்டு வச்சிருக்கறா."

"அறுப்பு வரைக்கும் இருக்கட்டும் மாப்ள" என்றேன்.

"சரிங்க மாமா."

அவ்வளவுதான். கேட்டதற்கு இரண்டு சொல். பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தபோது அந்த இரண்டு சொல்லும் கூடவே வந்தன.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிடங்கு மூடியதும் பஸ் ஏறுவேன். ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். முதல் சனிக்கிழமை மைத்துனரின் மனைவி வழக்கம்போல எனக்குச் சோறு வைத்தார். "எனக்கும் களியே வையுங்கள்" என்றேன். துடுப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. மைத்துனர் கண்ணால் ஜாடை காட்ட, ஒரு உருண்டையை வைத்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கிள்ளினேன். குழி செய்தேன். கடைசலைத் தோய்த்து வாயில் போட்டேன். பழக்கதோஷத்தில் மென்றுவிட்டேன். களி பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"அய்ய! அப்பா மெல்லறாரு! அத்தை, அப்பா களிய மெல்லறாரு!"

மகள் உருண்டு உருண்டு சிரித்தாள். மைத்துனரும் அவர் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்புடி" என்று ஒரு கிள்ளு எடுத்து, குழி செய்து, தோய்த்து, என் வாயில் போட்டாள். "முழுங்கு. மெல்லாத."

விழுங்கினேன். அவள் மறுபடியும் எழுந்து போய்த் தன் மாமன் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். அந்த இடம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பொழுது சாய்கிற நேரத்தில் நான் ஒரு சோதனை வைப்பேன். சற்றுத் தள்ளி நின்றுகொண்டு விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பேன். முதல் வாரம் தெரியவில்லை என்றாள். மூன்றாம் வாரம் தெரியாமலே மூன்று என்றாள். ஐந்தாம் வாரம் சரியாகச் சொன்னாள், ஆனால் அன்று வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "புள்ளய வுடுங்க மாமா, அது என்ன மூட்டையா?" என்றார் மைத்துனர்.

எட்டாவது சனிக்கிழமை பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் இறங்கியபோது சூரியன் போய்விட்டிருந்தது. வழக்கமான பாதையை விட்டு, சுருக்கு வழியாக அறுப்பு முடிந்த ராகிக் கொல்லைக்குள் நடந்தேன். அறுத்த தாளில் வேட்டி சரசரக்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சைக்கிள் மணி இல்லை. நான் கூப்பிடவும் இல்லை. தூரத்தில் களத்து மேட்டில் இரண்டு உருவம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எனக்கே அவ்வளவுதான் தெரிந்தது.

சிறிய உருவம் எழுந்தது.

"அப்பா!"

நின்ற இடத்தில் குதிகாலால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் காலையில் அங்கிருந்து களத்துமேடு வரை நடந்து எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு எட்டு. அந்தி வெளிச்சத்தில், சத்தமில்லாமல், வேட்டி கட்டிய ஒரு ஆளை, நூற்று நாற்பத்திரண்டு எட்டிலிருந்து.

அதற்கு அடுத்த வாரம் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். டாக்டர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். என் மனைவி வாங்கிவந்த களித்துடுப்பு சமையல் கட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்கியது. அதை உள்ளே வை என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் நான்கு நாள் களி, ஏழு நாளும் கீரை. மாமா வீட்டுக் களி மாதிரி இல்லை என்று மகள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

எழுபதுகளில் எத்தனையோ தடவை இண்டூருக்குப் போய் வந்திருக்கிறேன். மைத்துனரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று போவேன், கேட்காமல் திரும்புவேன். அந்தச் சாயங்காலம் முதலில் என்னைப் பார்த்தது யார்? அவரா, அவளா? கொல்லைக்காரருக்கு ஆள் வருகிற நடையை வைத்தே தெரிந்துவிடும். "அதோ பாரு, உங்கப்பன் வராரு" என்று குனிந்து அவள் காதில் சொல்லியிருக்கலாம். என் மனம் குளிரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யக்கூடியவர்தான். அதுதான் என்னை அரித்தது. அந்த ஒரு "அப்பா"வும் அவர் கொடுத்ததாக இருந்துவிட்டால்?

இப்போது அவர் இல்லை. மகளுக்கு அந்தச் சாயங்காலமே ஞாபகமில்லை. புருவத்துத் தழும்பு மட்டும் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்வேன். களத்துமேட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் உண்டு. இரண்டடி அகலம். அவள் என்னை நோக்கி ஓடிவந்தாள். கைகள் முன்னால் நீளவில்லை. முகம் நேராக என் பக்கம் இருந்தது. வாய்க்கால் கரையில் நின்றாள். குனிந்து பார்த்தாள். இரண்டு எட்டு பின்னால் போய்த் தாண்டினாள். அவள் மாமன் அப்போது அந்தப் பக்கம் களத்துமேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வாய்க்காலை அவர் அவள் காதில் சொல்லியிருக்க முடியாது.

வந்த வேகத்தில் என் மேல் மோதினாள். கை கழுவாமல் ஓடிவந்திருக்கிறாள். என் வெள்ளைச் சட்டையில் கீரைக் கடைசல் பச்சையாக அப்பிக்கொண்டது. விரல் ஐந்தும் தெரிந்தது.